கொழுந்துக்கு ஏலம், போர்விமானத்துக்கு இரகசியம்

தேசப் பாதுகாப்பு என்ற இரண்டு சொற்களை ஒரு செலவுப் பட்டியலின் தலையில் எழுதிவிட்டாற் போதும். அதன்கீழே எந்தத் தொகையைக் குறித்தாலும் கேட்பார் இல்லை. தோட்டப் பாடசாலை ஒன்றின் ஓடு மாற்ற வேண்டுமானால் மதிப்பீடு வேண்டும், கேள்விப்பத்திரம் வேண்டும், வலயக் கல்வி அலுவலகத்தின் கையொப்பம் வேண்டும், அத்தனையும் முடிவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். வட்டவளை மழையை அறிந்தவர்களுக்கு இரண்டு மழைக்காலம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆனால் கோடிக்கணக்கான டொலருக்குப் போர்விமானம் வாங்குவதற்கு ஒரு மூடிய அறையும் சில கையொப்பங்களும் போதுமானவை. அதற்குப் பெயர் அவசரம். கேள்வி கேட்டால் அதற்குப் பெயர் தேசத்துரோகம்.

இந்த அவசரத்தின் பொருளாதாரத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். யுத்தம் சரியா தவறா என்ற வழக்கை இங்கே விசாரிக்க முற்படவில்லை. அது தனி வழக்கு. அரசாங்கம் என்னும் பெரிய வாடிக்கையாளன் சந்தைக்குப் போகும்போது என்ன நடக்கிறது, எவன் பணத்தைக் கொண்டு போகிறான், எவன் பையில் மீதியைப் போட்டுக்கொண்டு திரும்புகிறான் என்பதே கேள்வி.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். வெளிநாட்டு ஆயுதத்தை ரூபாவுக்கு எவனும் விற்பதில்லை. டொலர் வேண்டும். டொலரை இந்த நாட்டுக்குத் தேடித் தருபவர்கள் தைத்த ஆடையை ஏற்றுமதி செய்யும் பெண்கள், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் பெண்கள், தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்கள். தேயிலை மட்டும் 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 130 கோடி டொலர் ஈட்டித் தந்தது. அந்தத் தேயிலை எப்படி விற்கப்படுகிறது? பகிரங்க ஏலத்தில். 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, தொழிற்சாலையின் பெயர், தேயிலையின் தரம், நிறை ஆகிய அனைத்தும் பட்டியலில் அச்சாகி, வாங்குவோர் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலைகேட்க, விழுந்த விலை வாரந்தோறும் ஊரறிய வெளியாகிறது. 2020 முதல் கணினி வழியாக நடக்கிறதாயினும் முறை அதுவே. எந்தத் தோட்டத்தின் பொடி கிலோ என்ன விலைக்குப் போயிற்று என்பதை லண்டனிலும் துபாயிலும் இருப்பவன்கூட அறியலாம்.

ஏலத்தை நான் புகழ வரவில்லை. பெரிய வாங்குநர்கள் சிலர் கைகோத்தால் விலை எப்படி இறங்கும் என்பதும், ஏலத்தில் விலை இறங்கியவுடன் கம்பனிக்காரர் சம்பளப் பேச்சில் எந்த முகத்தோடு வந்து உட்காருவார் என்பதும் தொழிற்சங்கக்காரருக்குத் தெரியும். நான் சொல்ல வருவது வேறொன்று. நாம் விற்பது வெட்டவெளியில். அந்தக் காசில் அரசு வாங்குவது இருட்டறையில். நாம் கிள்ளும் கொழுந்தோ அதைவிடவும் வெட்டவெளியில் நிறுக்கப்படுகிறது. நாளொன்றுக்குப் பலமுறை தராசு. ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு. 18 கிலோ என்றும், சில இடங்களில் அதற்கு மேலும் விதித்த நிறைக்கு ஒரு கிலோ குறைந்தால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர். (மலையகத்துக்கு வெளியே உள்ள நண்பர்களுக்கு: பேர் என்பது ஒரு நாட்சம்பளம்.) இத்தனை நுட்பமான தராசு நம்மிடம் இருக்கிறது. அதை ஏன் ஒருபோதும் திறைசேரியின் வாசலிற் கொண்டுபோய் வைப்பதில்லை?

நான் சொல்வது வெறும் உவமையன்று. ஓர் உதாரணம் தருகிறேன். 2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கை விமானப்படை உக்ரேனிலிருந்து நான்கு மிக்-27 போர்விமானங்களை வாங்கவும், தன்னிடம் ஏற்கெனவே இருந்த வேறு நான்கு விமானங்களைப் பழுதுபார்க்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தது. மொத்தத் தொகை ஏறத்தாழ 1 கோடி 46 இலட்சம் டொலர். இது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் என்று நமக்குச் சொல்லப்பட்டது. அப்படியானால் பணம் உக்ரேன் அரசின் நிறுவனத்துக்கல்லவா போக வேண்டும்? போகவில்லை. பெலிமிஸா ஹோல்டிங்ஸ் என்ற பெயருடைய ஒரு கம்பனிக்குப் போயிற்று. விமானம் செய்யும் பட்டறையோ பழுதுபார்க்கும் கொட்டகையோ இல்லாத, காகிதத்தில் வாழும் கம்பனி அது.

விமானங்கள் 1980க்கும் 1983க்கும் இடையில் தயாரிக்கப்பட்டவை என்று கொழும்புப் பத்திரிகைகள் எழுதின. இதே வகை விமானத்தை இதே விமானப்படை 2000ஆம் ஆண்டில் வாங்கியபோது ஒன்றுக்கு 17½ இலட்சம் டொலருக்குள் முடித்தது என்றும், ஆறு வருடம் கழித்து, அதற்குள் மேலும் பழசாகிப்போன சரக்குக்கு ஒன்றுக்கு 24 இலட்சத்துக்கு மேல் கொடுத்தது என்றும் அவை கணக்குக் காட்டின. பழைய சாமான் வாங்கும் தெருவியாபாரிகூட மூப்பு ஏற ஏற விலையைக் குறைத்துக் கேட்பான். இங்கே மூப்பு ஏற ஏற விலையும் ஏறியிருக்கிறது. வயதானவர்களுக்கு மரியாதை செய்யும் நாடு என்று பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

இந்தக் கணக்கை எழுதிய பத்திரிகையாளருக்கு நேர்ந்தது என்ன? ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகையின் இக்பால் அத்தாஸ் இதைப்பற்றி எழுதினார். 2007இல் அவருடைய பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க எழுதினார்; அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்ஷ அவர்மீது மானநட்ட வழக்குத் தொடுத்தார். வழக்கு முடிவதற்குள், 2009ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி, லசந்த வீதியிற் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகள் கழிந்தபோதும் அக்கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. கொலைக்கும் விமானக் கணக்குக்கும் தொடர்பு உண்டென்று தீர்ப்பளிக்க நான் நீதிமன்றமல்லன். ஒப்பந்தத்தைப் பற்றிய விசாரணை 2015க்குப் பிறகே சூடுபிடித்தது. ரஷ்யாவில் தூதுவராக இருந்த உதயங்க வீரதுங்க 2020 பெப்ரவரியிற் கைதுசெய்யப்பட்டார். கையொப்பமிட்டுப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. தாமதம் யாருக்கு இலாபம் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

அந்த ஒப்பந்தம் கையெழுத்தான அதே 2006ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்தை நினைவுகூருங்கள். தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். கேட்டது நாளொன்றுக்கு 300 ரூபா. இரண்டு வாரத்துக்குப் பின் கிடைத்தது 260. அதுவும் எப்படி? அடிப்படைச் சம்பளம் 170, வரவுக்கு 70, விலைப்பங்கு 20. நாட்டின் பொருளாதாரம் தாங்காது, ஏற்றுமதி விழுந்துவிடும் என்று சொல்லி மறுக்கப்பட்டது 40 ரூபா. அன்று ஒரு டொலர் நூறு ரூபாவுக்குச் சற்று மேல். உக்ரேன் ஒப்பந்தத் தொகையை ரூபாவாக்கினால் 150 கோடிக்குக் குறையாது. அதை 260ஆல் வகுத்துப் பாருங்கள்: 57 இலட்சத்துக்கும் மேற்பட்ட நாட்சம்பளம். கணித வகுப்பில் கொடுக்கத்தக்க பயிற்சி. ஆனால் நமது பாடப்புத்தகங்களில் கடைக்காரர் வாங்கிய மாம்பழமும் நீர்த்தொட்டி நிரம்பும் நேரமுமே இன்னும் கணக்காக வருகின்றன.

ஊழல்வாதிகள் சிலர் ஆட்சியில் இருந்ததால் நேர்ந்தது என்று இதை ஒதுக்கிவிடும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. நல்லவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் கட்சி. நான் அதை ஏற்கவில்லை. இந்த வணிகத்தின் உடம்பிலேயே நோய் இருக்கிறது.

சாதாரணச் சந்தையில் வாங்குவோர் பலர், விற்போர் பலர். ஒருவன் அதிகம் சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம். ஆயுதச் சந்தையில் ஒரு நாட்டுக்குள் வாங்குவோன் ஒருவனே, அது அரசு. விற்போனும் பல சமயம் ஒருவனே. குறிப்பிட்ட விமானத்தைச் செய்பவன் உலகில் ஒருவன்தான் இருப்பான். ஒருவனும் ஒருவனும் எதிரெதிரே உட்கார்ந்தால் அங்கே சந்தைவிலை என்று ஒன்று கிடையாது. பேரம் மட்டுமே உண்டு. பேரத்தில் வெல்பவன் யார்? தன் சொந்தக் காசைக் காப்பவன். விற்போன் தன் காசைக் காக்கிறான். வாங்குவோனுக்காகப் பேசவந்த அதிகாரியோ பிறர் காசைச் செலவிடுகிறான். அதோடு முடியவில்லை. விமானத்தை ஒருமுறை வாங்கிவிட்டால் அதற்கு உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பும் அவனிடமே கேட்க வேண்டும். முதல் விலை தூண்டிற்புழு. பின்னால் வருவதுதான் தூண்டில். மிக் ஒப்பந்தத்தின் சரிபாதி விமானங்கள் முன்பு வாங்கியவற்றின் பழுதுபார்ப்புக்காகவே போயின என்பதை மறக்கவேண்டாம்.

இன்னொரு முறையும் இருக்கிறது. செலவுக்குமேல் இலாபம் என்னும் முறை. நமக்குத் தெரிந்த கொந்தரப்போடு ஒப்பிட்டால் அது விளங்கும். யாழ்ப்பாணத்தார் கொந்தராத்து என்பதை மலையகத்தில் கொந்தரப்பு என்கிறோம். கவ்வாத்து வெட்டும் தொழிலாளிக்கு இத்தனை மரம், இவ்வளவு காசு. கத்தி மழுங்கினால் அவன் நட்டம். மழை பெய்து வேலை தடைப்பட்டால் அவன் நட்டம். கை வெட்டுப்பட்டால் அதுவும் பெரும்பாலும் அவன் நட்டமே. விலை நிலையானது, ஆபத்து முழுவதும் கொந்தரப்பு எடுத்தவன் தலையில். இப்போது ஆயுத முதலாளியின் கொந்தரப்பைப் பாருங்கள். நீ எவ்வளவு செலவழிக்கிறாயோ அதை அரசு தரும். அதற்குமேல் நூற்றுக்கு இத்தனை இலாபமும் தரும். செலவு பெருகப் பெருக இலாபமும் பெருகும். சோம்பலுக்குச் சம்பளம், வீணடிப்புக்குப் பரிசு! முதலாம் உலக யுத்தத்தில் அமெரிக்க அரசு இவ்வாறு ஒப்பந்தம் செய்து நன்றாகச் சூடுபட்டது. அதனால் 1941இல் இரண்டாம் யுத்தத்தில் இறங்கியபோது செலவின் நூற்றுவீதமாக இலாபம் கொடுக்கும் முறையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. முதலாளித்துவத்தின் தலைநாடே தன் முதலாளிகளை நம்பவில்லை! அதே நாட்டில், இருபது ஆண்டு கழிந்து 1961 ஜனவரியில், பதவியிலிருந்து விடைபெற்ற ஜனாதிபதி ஐசனோவர் இராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்த கூட்டின் செல்வாக்கைக் குறித்து மக்களை எச்சரிக்க வேண்டிவந்தது. அவர் மார்க்சியவாதி அல்லர். வாழ்நாளைப் படையிற் கழித்த தளபதி.

இனி தரகன். விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் நடுவில் நிற்பவனை மலையகத்தானுக்கு எவரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம்மை இங்கே கொண்டுவந்தவனே அவன்தான். பெரிய கங்காணிக்குத் தலைக்காசு. எத்தனை பேர் வேலைக்கு நின்றார்களோ அத்தனைக்கும் காசு. ஆளைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்ற அவன் கையில் ஒரு துண்டு. கடன் எவ்வளவு என்று துண்டில் எழுதியிருக்கும். எழுதியது சரியா என்று கடன்பட்டவனுக்குத் தெரியாது. அந்தத் துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயுத வணிகத்தின் துண்டு இன்னும் ஒழியவில்லை. தொகை எழுதப்படுகிறது, கடன்பட்ட மக்களுக்குத் தெரியாது. இந்தக் கங்காணி தலைப்பாகையும் வெள்ளிப் பூண் பிடித்த தடியும் இல்லாமல், ஒரு வங்கிக் கணக்கு எண்ணாக மட்டும் இருக்கிறான். அவ்வளவுதான் வேறுபாடு.

இது ஏழை நாடுகளுக்கு மட்டும் உரிய அசிங்கமன்று. 1976இல் அமெரிக்க லொக்ஹீட் விமானக் கம்பனி தன் விமானங்களை விற்க வெளிநாட்டு அரசியல்வாதிகளுக்கு லஞ்சம் கொடுத்தது அம்பலமானது. ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனாகா கைதானார். 1983இற் குற்றவாளியாகக் காணப்பட்டார். 1986 மார்ச்சில் இந்தியா சுவீடனின் போபர்ஸ் கம்பனியிடம் 410 பீரங்கிகளுக்கு 1,437 கோடி இந்திய ரூபாவில் ஒப்பந்தம் செய்தது. தரகர் கூடாது என்பது அந்தப் பேரத்தின் நிபந்தனை. அடுத்த ஆண்டே, தரகு கொடுக்கப்பட்டதென்று சுவீடன் வானொலி வெளியிட்டது. பீரங்கி நல்ல பீரங்கி. 1999இல் கார்கிலில் அது நன்றாகச் சுட்டது என்று வாதிடுவோர் உண்டு. சுடட்டும். நல்ல அரிசிக்கும் நிறையில் ஏமாற்றினால் ஏமாற்றுத்தானே?

நம் முகாமுக்குள்ளும் ஒரு கண் போகவேண்டும். சுதந்திரம் பெற்ற மறு ஆண்டில், 1948இல், காஷ்மீர் யுத்தத்துக்காக இந்தியா ஏறத்தாழ 80 இலட்சம் ரூபாவுக்கு ஜீப் வாங்க ஒப்பந்தம் செய்தது. லண்டனிலிருந்து அதைச் செய்தவர் அப்போது அங்கே உயர்ஸ்தானிகராக இருந்த வி. கே. கிருஷ்ணமேனன், இடதுசாரிகளின் அன்புக்குரியவர், ஏகாதிபத்தியத்தை ஐக்கிய நாடுகள் சபையிற் சாடியவர். வழக்கமான நடைமுறைகள் ஒதுக்கப்பட்டன. அவசரம் என்பதே காரணம். வந்துசேர்ந்த ஜீப்கள் 155. அவையும் ஓடத் தகுதியற்றவை. மேனன் தமக்கென ஒரு சல்லி எடுத்ததாக எவரும் நிறுவவில்லை. அவர் எளிமையாக வாழ்ந்தவர் என்றே சொல்லுகிறார்கள். ஆனாலும் ஜீப் ஓடவில்லையே! 1955இல் அரசாங்கம் விடயம் முடிந்தது என்று அறிவித்தது; மறு ஆண்டு அவர் அமைச்சரானார்; அதற்கடுத்த ஆண்டு பாதுகாப்பு அமைச்சரே ஆனார். நல்லவர் வந்தால் சரியாகும் என்று சொல்லும் நண்பர்களுக்காகவே இதை எடுத்துக்காட்டினேன். யோக்கியன் கையிலும் மூடிய பெட்டி மூடிய பெட்டிதான்.

‘எல்லாவற்றையும் வெளியிட்டால் எதிரி அறிந்துகொள்ள மாட்டானா?’ என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி, அவன் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. எதிரி எதை அறியக்கூடாது? விமானம் எங்கே நிற்கிறது, எப்போது புறப்படும், எதைத் தாக்கும் என்பதை. இவற்றை எவரும் கேட்கவில்லை. விலை என்ன, யாரிடம் வாங்கியது, நடுவில் நின்றவனுக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. இவற்றை விற்பனைக்காரன் அறிவான், தரகன் அறிவான், தரகனின் வங்கி அறியும், ஏற்றிவந்த கப்பற்காரன் அறிவான், காப்புறுதிக் கம்பனி அறியும். விலையை அறியாதவர் விலையைக் கொடுத்தவர் மட்டுமே. எதிரியைப் பற்றிச் சொன்னால், 2007 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் அநுராதபுரம் விமானத்தளத்துக்குள் புகுந்து விமானங்களை அழித்தார்கள். அவர்கள் விலைப்பட்டியலைப் படித்துவிட்டுப் போகவில்லை. இரகசியம் தளத்தைக் காக்கவில்லை. கணக்கை மட்டும் பத்திரமாகக் காத்தது.

இந்த நோய் ஆயுதத்தோடு நிற்பதும் இல்லை. அவசரம், இரகசியம், ஒரே விற்பனைக்காரன் என்ற மூன்றையும் பழகிக்கொண்ட கை மற்ற மேசைகளுக்கும் நீளும். 2021 மே மாதத்தில் இரசாயன உரம் ஒரே இரவில் தடைசெய்யப்பட்டதும், அதற்குப் பதிலாகச் சேதன உரம் சீனக் கம்பனி ஒன்றிடம் அவசரமாகக் கொள்வனவு செய்யப்பட்டதும் நம் கண்முன் நடந்தவை. மாதிரியை நமது தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் சோதித்து, தீங்கான பக்டீரியா உண்டென்று நிராகரித்தது. கப்பல் கடலிற் சுற்றிக்கொண்டு நின்றது. ஒரு மூட்டை உரமும் இங்கே இறங்கவில்லை. ஆயினும் 2022 ஜனவரியில் மக்கள் வங்கி 67 இலட்சம் டொலர் கொடுத்தது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக்கொடுக்க டொலர் இல்லை என்று அரசாங்கம் கைவிரித்தது! உரமில்லாத மலையிற் கொழுந்து எப்படித் துளிர்க்கும்? 2021இல் ஏறத்தாழ 29 கோடி 90 இலட்சம் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. கொழுந்து இல்லாத மலையில் 18 கிலோ கேட்டார்கள். அரைப்பேர் விழுந்தது யாருக்கு என்று சொல்லவேண்டுமா?

தோட்டங்களே ஓர் அரச ஒப்பந்தத்தின் கீழ்த்தான் இயங்குகின்றன என்பதையும் இவ்விடத்திற் குறித்துவிடலாம். எழுபதுகளில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, முதலில் ஐந்தாண்டு முகாமை ஒப்பந்தத்தின்பேரில் தனியார் கையிற் கொடுக்கப்பட்டன. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை. தொடக்கத்திற் குத்தகைப் பணம் தோட்டமொன்றுக்கு ஆண்டுக்கு 500 ரூபா. ஒரு தோட்டம் முழுவதுக்கும், ஒரு வருடம் முழுவதுக்கும் 500 ரூபா! பிறகு அதை உயர்த்தினார்கள் என்பது உண்மை. ஆனால் அரசு விற்கும்போது எவ்வளவு மலிவாக விற்கும், வாங்கும்போது எவ்வளவு விலையாக வாங்கும் என்பதற்கு உக்ரேன் விமானத்தையும் இந்த 500 ரூபாவையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்த்தாற் போதும்.

அரசாங்கம் கொள்வனவு செய்தாலே கெட்டுப்போகும், எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டுவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இவ்விடத்திற் கைதட்டத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் கையை இறக்கிக்கொள்ளலாம். 1952ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை சீனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெறுவது, ஐந்து ஆண்டுக்கு. உலகச் சந்தையில் அரிசி தட்டுப்பாடாகவும் இறப்பர் விலை வீழ்ந்தும் இருந்த காலம் அது. சந்தைவிலைக்கு மேல் இறப்பருக்கு விலை கிடைத்தது; அரிசி சந்தைவிலைக்குக் குறைவாகக் கிடைத்தது. அமெரிக்கா உறுமிற்று, உதவியை நிறுத்தப்போவதாக மிரட்டிற்று. அதைச் செய்தது இடதுசாரி அரசாங்கமா? இல்லை, ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க. அன்றும் வாங்கியது அரசுதான், அவசரமும் இருந்தது. ஆனால் என்ன கொடுக்கிறோம், என்ன பெறுகிறோம், எந்த விலைக்கு என்பதை நாடு அறிந்து விவாதித்தது. கணக்கு ஊரார் முன்னே விரிந்து கிடந்த இடத்தில் நடுவில் ஒருவன் புகுந்து நிற்க இடமில்லாமற் போயிற்று.

யுத்தம் முடிந்தது 2009இல். அதன் பிறகாவது இந்தப் பட்டியல் சுருங்கியிருக்க வேண்டுமல்லவா? நாடு வங்குரோத்தான மறு ஆண்டான 2023க்குரிய வரவு செலவுத் திட்டத்திற் பாதுகாப்புக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக்கும் ஒதுக்கியது 539 பில்லியன் ரூபா. சுகாதாரத்துக்கு 322. கல்விக்கு 232. துப்பாக்கி ஓய்ந்து பதினான்காம் ஆண்டிலும் கல்வியின் இருமடங்குக்கும் மேல். இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணி 2,00,783 என்றும், அதை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்றும் 2023 ஜனவரியில் அரசாங்கமே அறிவித்தது. ஆளணியைப் பற்றி நான் குறைசொல்ல மாட்டேன்; சம்பளத்துக்காகச் சேர்ந்த கிராமத்துப் பையன் அவன், நம் பையனைப்போலவே வேலையில்லாதவன். அவன் கையிற் போகும் சம்பளம் பட்டியலில் தெரிகிறது. தெரியாமற் போவது அவன் தோளில் மாட்டிய பொருளின் விலை.

தடைச்சுவர் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்ததே. 2015இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை உண்டாக்கியது. 2020இல் 20ஆம் திருத்தம் அதை ஒழித்தது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் உண்டாக்கியது. அரசு எப்படிப் பொருள் வாங்க வேண்டும் என்று பார்க்கும் ஒரு குழுவே ஆட்சிக்கு ஆட்சி பிறந்தும் இறந்தும் வந்திருக்கிறது. பெறுகைக்கு ஒரு முழுமையான சட்டம் வேண்டும் என்பதை 2023இற் சர்வதேச நாணய நிதியத்தின் அறிக்கை சொல்ல வேண்டியதாயிற்று. நமது மானியங்களை வெட்டச் சொல்லும் அந்த நிதியத்துக்கு நான் வக்காலத்து வாங்குபவனல்லன். நமது சங்கங்கள் முந்திக்கொண்டு கேட்டிருக்க வேண்டியதை அவர்கள் கேட்கும்படி விட்டதில் எனக்கு வெட்கம்.

ஆசிரியர் சங்கக் கிளைகளும் மாணவர் மன்றங்களும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உண்டு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை; தமிழிலேயே எழுதலாம். பாதுகாப்பு அமைச்சின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கேட்போம்: 2006ஆம் ஆண்டின் மிக் ஒப்பந்தத்தின் மூலப்பிரதி, பணம் எந்தத் திகதிகளில், எந்தக் கணக்குக்கு, எவருடைய கையொப்பத்தோடு போயிற்று என்ற விபரம், விலையை மதிப்பிட்ட குழுவின் அறிக்கை. பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசப் பாதுகாப்பு என்று 5ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதே பிரிவின் 4ஆம் உபபிரிவு, வெளியிடுவதால் வரும் பொதுநன்மை பெரிதாக இருந்தால் மறுக்கக்கூடாது என்கிறது. அதைக் காட்டி ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்வோம். ஹற்றனிலிருந்து ஒன்று, நோர்வூட்டிலிருந்து ஒன்று, கினிகத்தேனையிலிருந்து ஒன்று என்று அனுப்பலாம். விண்ணப்பத்தை எழுதும் வேலையை உயர்தர வகுப்புத் தமிழ் மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சியாகக் கொடுக்கலாம். வகுக்கும் வேலையைக் கணித மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வட்டவளையிலிருந்து முதற் கடிதத்தை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.